உள்பக்கத்து ஓட்டை

அவருக்குப் பெயர் கட்டைவிரல். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக்கொண்டு வந்தால் அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் வழி காட்டத் தெரியாது. கட்டைவிரல் கடை எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

"சைக்கிள் டயர் மாட்டறதெல்லாம் ஒரு வித்தையா?" என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. அவர்களைப் பிடித்து, இறுக்கமான டயர் ஒன்றைக் கையில் கொடுத்து, "மாட்டுங்க சார், பாக்கறோம்" என்று உட்கார வைக்க வேண்டும். முக்கால் வட்டம் வரைக்கும் டயர் சொன்ன பேச்சைக் கேட்கும். கடைசியில் ஒரு சாண் மிச்சம் இருக்கும் பாருங்கள், அங்கேதான் அது தன் சுயரூபத்தைக் காட்டும். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் கழன்று வரும். அதைப் பிடிக்கப் போனால் இந்தப் பக்கம் நழுவும். வேர்த்து விறுவிறுத்து, நகம் பிய்ந்து, கடைசியில் லெவர் என்கிற தட்டைக் கம்பியை எடுத்து நெம்புவார்கள். நெம்பினால் ஏறும், யார் இல்லையென்றது? ஆனால் உள்ளே இருக்கிற ட்யூபை அந்த லெவர் நுனி கவ்வி, ரிம்மோடு வைத்து நசுக்கிவிட்டால் போச்சு. பழைய ஓட்டையை ஒட்டி முடித்த கையோடு புது ஓட்டை ஒன்றைப் போட்ட கதைதான். மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும்.

கட்டைவிரல் லெவரைத் தொடுவது டயரைக் கழற்றுவதற்கு மட்டும். மாட்டுவது வெறும் கையால். சக்கரத்தை வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஆரம்பிப்பார். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. டயர் விளிம்பில் இருக்கிற கம்பியைச் சுற்றிலும் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டே வந்தால் நூலளவு தளர்ச்சி கிடைக்கும். அந்த நூலளவை இரண்டு பக்கமிருந்தும் வால்வு வரைக்கும் திரட்டிக்கொண்டு வந்து, சோப்புத் தண்ணீர் கொஞ்சம் தடவி, இரண்டு கட்டைவிரலையும் கொடுத்து ஒரு உருட்டு. டப்பென்று உட்காரும். மற்ற கடைகளில் லெவரை முறித்த டயர்களெல்லாம் கடைசியில் இவரிடம்தான் வரும். பெயர் அப்படிச் சம்பாதித்தது.

வேலைக்குக் குறைவில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் வரை ஆள் வந்தபடி இருக்கும். பேச்சுக்குத்தான் பஞ்சம். வருகிறவர்கள் எல்லோரும் சைக்கிளைப் பற்றிப் பேசுவார்கள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறையில் அவர் சமைப்பார், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாத்திரத்திலிருந்தே சாப்பிடுவார். ஒற்றை ஆளுக்கு எதற்குத் தட்டு, அதைக் கழுவ ஒரு தண்ணீரா என்பார். யாரிடம் சொல்வார்? சுவரிடம்தான். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. ஆனாலும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, துடைத்த ஸ்பேனர்களையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார். யாராவது குனிந்து பார்த்து, "இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டார்களா என்று.

மனைவி இருக்கிறாள். நகரத்தின் அடுத்த கோடியில், தன் அக்கா வீட்டு மாடியில். மகளும் அவளோடு போய்விட்டாள். போய் வருஷங்கள் ஆகின்றன.

"நேரா போய் ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடப் போறாங்க. உனக்கு என்னய்யா கேடு?" என்று பக்கத்துக் கடைச் சாவிக்காரர் நச்சரிப்பார். அவர் சாவி வெட்டுகிறவர். வாய் ஓயாது. சாயங்காலம் ஆனால் பேரன் பேத்தி என்று கலகலத்துக் கிடக்கிற வீட்டுக்குப் போய்விடுவார்.

"போனவங்களுக்கு வரத் தெரியாதா?" என்பார் கட்டைவிரல்.

வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள். வீம்பாக இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கரைந்திருக்கும். இந்த மனுஷனுக்குக் கூப்பிடவே தெரியாது, அதுதான் விஷயம். வாடிக்கைக்காரர் வந்தால் உட்காருங்க என்று சொல்ல வராது. ஸ்டூலைக் காலால் தள்ளிவிடுவார். டீ வேண்டுமா என்று கேட்க வராது. கிளாஸைக் கொண்டுவந்து முன்னால் வைப்பார். மனைவி அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்திருந்தாள். ஆனால் மனசுக்குள்ளே ஒரே ஒரு ஆசை மட்டும் அடங்காமல் கிடந்தது. பாப்பா ஒரு தடவை இந்த வாசலுக்கு வர வேண்டும். முப்பது வயசுக்காரியை இன்னும் பாப்பா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வந்தாள். அப்பாவைப் பார்க்க இல்லை, டயருக்காக.

பாப்பாவுக்கு ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். புது சைக்கிள், அதில் கல் மாதிரி இறுகின டயர். நாலு தெரு தள்ளி முள் குத்திவிட்டது. அங்கே ஒரு கடைக்காரர் கழற்றப் பார்த்து, லெவர் முறிந்து, கையை உதறிக்கொண்டு, "இது நம்மகிட்ட நடக்காதும்மா. கட்டைவிரல்னு ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட போங்க" என்றிருக்கிறார். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தயங்கித்தான் நின்றிருப்பாள். ஆனால் வேலை கழுத்தைப் பிடித்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டயர் இறுக்கமா இருக்காம். நீங்கதான் பாப்பீங்கன்னு சொன்னாங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

சின்ன வயசில் அவள் அவரை நீ என்றுதான் கூப்பிடுவாள். இந்த 'நீங்க' அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

டயரைக் கழற்றி, ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினார். இதெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மாட்டுகிறபோதுதான் கை சொதப்பியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்கிற நினைப்பே விரலைத் தடுமாற வைத்தது. கொஞ்ச நாளாகவே வலது கட்டைவிரல் மூட்டில் ஒரு வலி இருந்ததையும் சொல்ல வேண்டும். அதை யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஒரு சாண் ஏற மறுத்தது. இரண்டு தடவை அந்தப் பக்கம் கழன்றுகொண்டது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவர் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். லெவரை எடுத்து ஒரே நெம்பு. ஏறிவிட்டது. லெவரைச் சட்டென்று துணிக்கு அடியில் செருகினார். கட்டைவிரல் லெவர் போட்டு டயர் மாட்டினார் என்று தெரிந்தால் மானம் போய்விடாதா?

அவள் காசு எடுக்கப் பையைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "வரேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை.

சில நாள் கழித்துக் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அவள் நிற்கிறாள்.

"திரும்பவும் காத்து இறங்கிடுச்சு. ராத்திரி நல்லாதான் இருந்தது, காலைல பாத்தா தரையோட தரையா கெடக்கு. வழியெல்லாம் காத்தடிச்சு அடிச்சுதான் வந்து சேர்ந்தேன்."

ட்யூபை வெளியே எடுத்துத் தண்ணீரில் முக்கினார். போன தடவை ஒட்டின இடம் கெட்டியாக இருந்தது. குமிழி வேறிடத்தில் வந்தது. ட்யூபின் வெளிப்பக்கம் இல்லை, ரிம்மை ஒட்டி இருக்கிற உள்பக்கம். பக்கத்துப் பக்கத்தில் மெல்லிசாக இரண்டு கீறல். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முள் வெளியிலிருந்துதான் குத்தும். உள்பக்கத்தில் இப்படி இரட்டைக் கீறல் போடுகிற பிராணி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், லெவர்.

காது மடல் சூடாகிவிட்டது அவருக்கு. அடுத்த கடைக்காரன் செய்ததைப் பார்த்துச் சிரித்த அதே பிழை, தன் கையால். அதுவும் யாருக்கு!

"என்ன குத்தியிருக்கு?" என்றாள்.

"ஆரக்கம்பி முனை" என்றார் பட்டென்று. "ரிம்முக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்திருக்கும். நாடா வேற மட்டமான சரக்கு." ரிம்மின் உள்பக்கம் சுற்றியிருந்த நாடாவை உரித்துப் போட்டுவிட்டு, புதுசாக ஒன்றைச் சுற்றினார். பொய்க்கு எவ்வளவு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

நாடா சுற்ற நேரம் பிடித்தது. அதனால் டீ வந்தது. டீ வந்ததால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததால் பேச்சு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்றாள். பரிசோதனைக்கூடத்து மேலாளர் மணி பார்த்துக்கொண்டே உயிரை எடுக்கிறார் என்றாள். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் சைக்கிளைப் பற்றி இல்லாத பேச்சு நடந்து எவ்வளவு காலமாயிற்று! ஒரு தடவை அவள் சிரித்தாள்கூட. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டயர் மாட்டுகிற நேரம் வந்தது. அன்றைக்கு விரல் ஒத்துழைத்தது. கம்பி பள்ளத்தில் இறங்கி, கடைசிச் சாண் தளர்ந்து, ஒரு உருட்டுக்குக் காத்திருந்தது. உருட்டினால் முடிந்தது. அவள் வரேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். புது நாடா, கெட்டி டயர், நல்ல ட்யூப். இனி வருஷக்கணக்கில் அவளுக்கு இந்தத் தெருவில் என்ன வேலை?

அவர் திரும்பி உட்கார்ந்தார். துணிக்கு அடியிலிருந்து லெவரை எடுத்தார். நுனியை உள்ளே விட்டு, ட்யூபின் மடிப்பு தட்டுப்படுகிற வரைக்கும் தேடி, அதை லேசாகக் கவ்வவிட்டு நெம்பினார். ரொம்ப அமுக்கினால் அப்போதே புஸ்ஸென்று போய்விடும். பாதி கடி கடித்தால் நாலைந்து நாள் தாங்கும். இத்தனை காலம் எதைச் செய்யக் கூடாது என்று அவர் கை கற்றிருந்ததோ, அதையே அளவு பார்த்துச் செய்தார். அட பாவி மனுஷா!

அவள் வந்தாள். சொல்லி வைத்த மாதிரி அதே வாரத்தில் வந்தாள். அவர் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். யாருக்கு என்று சாவிக்காரர் கேட்டதற்கு, "வாடிக்கைக்காரங்க வயசானவங்க வராங்க" என்றார். முப்பது வயசு வாடிக்கைக்காரி அதில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, "இந்தச் சக்கரத்துல ஏதோ கோளாறுப்பா" என்றாள். அப்பா என்று அன்றைக்குத்தான் கூப்பிட்டாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு அவரால் தன்னைத் தடுக்க முடியவில்லை. நாடா நகர்ந்திருக்கிறது என்று சொல்லி, திரும்பவும் அதே காரியத்தைச் செய்து அனுப்பினார். செய்துவிட்டு ராஜா மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் என்று நினைக்காதீர்கள். மேலே போய்ப் படுத்தால் ஒவ்வொரு நாளும் அந்த ட்யூபிலிருந்து காற்று கசிவது காதில் கேட்கிற மாதிரி இருந்தது. ஆனால் கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது. இன்னும் எவ்வளவு இறங்கினால் அவள் வருவாள் என்று.

நாலாவது தடவை அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

உச்சி வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, குளிர்ப்பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள். அதை ஒரு உதை உதைக்க நினைத்தவள், உதைக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"மேம்பாலத்து மேல காத்து போயிடுச்சு. ஆள் கெடையாது, கடை கெடையாது. தள்ளிக்கிட்டே போனேன். ஐஸெல்லாம் தண்ணியாயிடுச்சு. எடுத்த ரத்தம் அத்தனையும் வேஸ்ட்டு. கீழ ஊத்தச் சொல்லிட்டாங்க." மூச்சு வாங்கியது. "அதுல ஒரு பெரியம்மாப்பா. படுத்த படுக்கை. நரம்பே கெடைக்காது அவங்களுக்கு. ரெண்டு கையிலயும் குத்திக் குத்தி, அவங்க பல்லக் கடிச்சிக்கிட்டு, பரவால்லம்மா பரவால்லம்மான்னு சொல்லி, ஒரு வழியா எடுத்தேன். இப்ப திரும்பப் போயி அவங்களக் குத்தணும். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவேன்?"

கட்டைவிரல் கீழே இருந்த குளிர்ப்பெட்டியைத் தூக்கி நிழலில் வைத்தார்.

"மேலாளர் வாய்க்கு வந்தபடி பேசிட்டார். சைக்கிள ஒழுங்கா பாத்துக்கத் தெரியாதான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? இத மாட்டறது யாருன்னு தெரியுமா சார், எங்கப்பா, அவர் கைக்கு மேல ஒரு கை இல்ல, சக்கரம்தான் சரியில்லன்னு சொன்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சக்கரத்தையே தூக்கிப் போட்டுட்டு வேற போடுங்க. எனக்கு வேலை முக்கியம்."

பேசாமல் இருந்துவிடலாம். நீங்களும் நானுமாக இருந்தால் பேசாமல்தான் இருந்திருப்போம். சக்கரத்தை மாற்றிப் போட்டு, பழி முழுவதையும் அந்த இரும்பின் தலையில் கட்டிவிடலாம். எங்கப்பா கைக்கு மேல ஒரு கை இல்ல என்று சொல்கிற மகள் அப்படியே கிடைப்பாள். ஆனால் படுக்கையில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்ட அந்த முகம் தெரியாத பெரியம்மா அவர் கண்முன்னே வந்து நின்றுவிட்டாள்.

"சக்கரத்து மேல தப்பு இல்ல" என்றார்.

"அப்புறம்?"

"லெவர். மாட்டறப்ப ட்யூப நசுக்கியிருக்கு. நான்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் சட்டென்று தணிந்து, வேறு ஒரு முகம் வந்தது. அது இன்னும் மோசம். இரக்கம். "கை தவறிடுச்சாப்பா? அன்னைக்கே தைல வாசனை அடிச்சுது. விரல் வலின்னு சொல்ல வேண்டியதுதான? வயசானா அப்படித்தான், விடுங்க."

தப்பிக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது. கதவைத் திறந்து வைத்து, போங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"முதல் தடவை கை தவறினது" என்றார் கட்டைவிரல். "அப்புறம் ரெண்டு தடவையும் தெரிஞ்சேதான் பண்ணினேன்."

பக்கத்துக் கடையில் சாவி வெட்டுகிற மிஷின் கிர்ரென்று ஓடி நின்றது.

"தெரிஞ்சேன்னா?"

அவர் தரையைப் பார்த்தார். சொல்ல வார்த்தை இல்லாமல் இல்லை. வெளியே தள்ளத்தான் தெரியவில்லை. "நீ வரணும்னு" என்று கடைசியில் முணுமுணுத்தார்.

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு திரும்பப் பாய்ந்தது. "வரணும்னா வான்னு சொல்ல மாட்டியா? வாய்ல என்ன பூட்டா போட்டிருக்கு உனக்கு? அன்னைக்கு அம்மா பைய மாட்டிக்கிட்டு இதே வாசல்ல நின்னா. ஒரு வார்த்தை இருன்னு சொல்லுங்க, நான் இருந்துடறேன்னா. நீ என்ன பண்ணின? குனிஞ்சு யார் சைக்கிளுக்கோ செயின் மாட்டிக்கிட்டு இருந்த. நான் பாத்துக்கிட்டே நின்னேன். இப்ப சொல்லிடுவார், இப்ப சொல்லிடுவார்னு. அந்த வாய் அன்னைக்கும் தொறக்கல, இன்னைக்கும் தொறக்கல. அதுக்கு பதிலா எவளோ ஒரு கெழவி ரெண்டு தடவை குத்து வாங்கணுமா?"

அவள் நீ என்று பேசியதை அவர் கவனித்தார். அதற்குச் சந்தோஷப்படுகிற நிலைமையிலா இருந்தார்?

"மாட்டு" என்றாள். "என் கண்ணு முன்னால மாட்டு. கையால."

உட்கார்ந்தார். கழற்றினார். உள்பக்கத்து இரட்டைக் கீறலை மறைக்காமல் அவள் பக்கம் திருப்பி வைத்து ஒட்டினார். ட்யூபில் கொஞ்சம் காற்று விட்டு, மடிப்பு இல்லாமல் டயருக்குள் படுக்க வைத்து, வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பித்தார். முக்கால் வட்டம் வந்தது. கடைசிச் சாண் வந்தது. அமுக்கினார். அந்தப் பக்கம் கழன்றது. திரும்ப ஆரம்பித்தார். திரும்பக் கழன்றது. வலது மூட்டில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. லெவர் பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. மூன்றாவது தடவையும் கழன்றபோது கை தானாக மடியில் விழுந்துவிட்டது.

"முடியல பாப்பா" என்றார். அழுகிற குரல் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்.

அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, கழன்று கழன்று வருகிற அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "அமுக்கு" என்றாள். ஊசி பிடித்துப் பழகின கை, ஆடவில்லை. அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் அவர் ஒரு உருட்டு உருட்டினார். டப்பென்று உட்கார்ந்தது. வால்வை உள்ளே ஒரு அமுக்கு அமுக்கி, ட்யூப் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை என்று சுற்றிலும் இரண்டு பக்கமும் பார்த்தார். காற்றடித்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். குளிர்ப்பெட்டியைக் கட்டினாள். "நான் அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போகணும்" என்றாள். வரேன் என்று சொல்லவில்லை. போய்விட்டாள்.

டயர் நன்றாக இருந்தது போலிருக்கிறது. ஒரு வாரம் போயிற்று. இன்னொரு வாரம் போயிற்று. தெருவில் சைக்கிள் தள்ளுகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது. எவனாவது ஒரு வாடிக்கைக்காரன் வந்து நிற்பான். வேலை சுத்தமாகச் செய்து கொடுத்ததற்கு ஒரு மனுஷன் இப்படியா தவிப்பான்? தவித்தார். மேலே அந்த அறையில் சாயங்காலம் ரொம்ப நீளமாக இருந்தது. ரேடியோவைப் போட்டால் எரிச்சலாக இருந்தது, நிறுத்தினால் அதைவிட மோசமாக இருந்தது. முதுகு சாய்கிற நாற்காலியில் யாராவது உட்காரப் போனால், "அது ஆடும், ஸ்டூல்ல உக்காருங்க" என்றார்.

இறுக்கமான டயர் வந்தால் இப்போது சாவிக்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடுவது என்றால், சுவரில் ஸ்பேனரால் தட்டுவார். சாவிக்காரர் வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் பிடித்துக்கொண்டே, "வாயத் தொறந்து வாய்யான்னு சொன்னா வர மாட்டேனா? என்னமோ மரங்கொத்தி மாதிரி தட்டற" என்று சலித்துக்கொண்டார். டயர் உட்கார்ந்ததும் சாவிக்காரர் எழுந்து போனார். அன்று வியாழக்கிழமை, மத்தியானம். தெரு காலியாக இருந்தது.

பாப்பாவின் நம்பர் அவர் போனில் எப்போதும் உண்டு. அழுத்தினதுதான் இல்லை. கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு அழுத்தினார். மணி போயிற்று. எடுக்காமல் இருந்தால் தேவலை என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"என்னப்பா? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல, இல்ல. நல்லாத்தான் இருக்கேன்." பேச்சு அதோடு நின்றுவிட்டது. தெரிந்த ஒரே பாதையில் போனார். "டயர் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு. துளிகூட இறங்கல."

"அந்தப் பெரியம்மா?"

"அன்னைக்கே போய் எடுத்துட்டேன். ஒரே குத்துல கெடைச்சிடுச்சு."

"சரி" என்றார். சரி என்று சொல்லியாகிவிட்டது. இனி போனை வைக்க வேண்டியதுதான். விரல் அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது.

"வேற என்னப்பா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாப்பா, வீட்டுக்கு வா."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. உன்னப் பாக்கணும் போல இருக்கு. இங்க தனியா இருக்க முடியலம்மா." குரல் எப்படியோ வந்தது, தன்னுடைய குரல் மாதிரியே இல்லை. ஆனால் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள் போல.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வான்னு நீதான் கூப்பிட்டுச் சொல்லணும்."

"ம்."

"ம் இல்ல. சொல்றேன்னு சொல்லு."

"சொல்றேன்."

"நான் ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "பஸ்ல வரேன்" என்றாள்.